லாரிக்காரங்களுக்கு ஏத்த ரெயின்கோட்டு: ரெண்டு மழைக்காலம் போட்டுப் பாத்துட்டு எழுதுதேன்

"லாரி ஓட்டுதவனுக்கு எதுக்குவே ரெயின்கோட்டு, நீருதான் கேபினுக்குள்ள சொகமா உக்காந்திருக்கீரே"ன்னு எங்க ஊர் டீக்கடையில ஒரு பெரியவரு கேட்டாரு. அவருக்குச் சொன்னதத்தான் இங்கன கொஞ்சம் வெலாவாரியா சொல்லுதேன். ஓட்டும்போது நாங்க நனையுறதில்ல, எறங்கும்போதுதான் நனையுதோம். திருநெல்வேலிப் பக்கம் தலையூத்துல சிமெண்ட் மூட்டை ஏத்தி முடிச்சதும் மேல ஏறி தார்ப்பாய் கட்டணும், எடைமேடையில எறங்கணும், பாதி வழியில கயிறு தளந்துட்டுன்னா எறங்கி இறுக்கணும், டயரத் தட்டிப் பாக்கணும், கேரளா எல்லைக்கிட்ட புளியரையில போலீஸ்காரங்க கை காட்டுனா பேப்பர எடுத்துக்கிட்டு ஓடணும், கொல்லம் போயி திரும்ப பாய அவுத்து மடிக்கணும். ஒவ்வொண்ணும் பத்து நிமிசம், இருவது நிமிசந்தான். ஆனா அந்த இருவது நிமிசத்துல நனஞ்ச சட்டையோடதான் மிச்சம் அஞ்சாறு மணி நேரம் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், அதான் வெசயமே.

நான் ஓட்டுறது பத்து சக்கர வண்டி, 350 மூட்டை ஏத்துவோம், தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு போயி கொல்லம். இந்தப் பாதையில எங்களுக்கு வருசத்துக்கு ரெண்டு மழை. ஜூன் மாசம் தென்மேற்குக் காத்து தொடங்குனா திருநெல்வேலியில வெயிலுதான் அடிக்கும், மலை மறைச்சுக்கிடும்லா, காத்து மட்டும் வந்து மண்ண வாரி எறியும். பாவூர்சத்திரம் தாண்டவும் கண்ணாடியில பூந்தூறலா விழ ஆரம்பிக்கும், குத்தாலத்துச் சாரல் அதுதான், செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் போயிட்டோம்னா அங்கிட்டு கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அது முடிஞ்சு ஐப்பசி கார்த்திகை வந்தா வடகிழக்கு மழை, அப்ப நம்ம ஊருப் பக்கமே அடைமழையா நின்னு பெய்யும். ரெண்டும் வேற வேற குணம் பாத்துக்கிடுங்க. ஐப்பசி மழை மேலருந்து நேரா விழும், கணவாய்ச் சாரல் காத்தோட சேந்து பக்கவாட்டுல வந்து கழுத்துக்குள்ளயும் கையிக்குள்ளயும் பூரும், கொடை பிடிச்சா கொடை கம்பியோட மடங்கிப் போயிரும்.

இப்ப இருக்க கோட்ட வாங்குறதுக்கு முன்னாடி வரைக்கும் நான் போட்டது ரோட்டோரத்துல தொங்கவிட்டு விப்பாங்கள்ல, அந்த பிளாஸ்டிக் கோட்டுதான், 450 ரூவா. ஒரு மழைக்கு ஒண்ணுன்னு கிழியும். 2023 டிசம்பர் 17, 18 நம்ம ஜில்லாக்காரன் எவனும் மறக்க மாட்டான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிருச்சு, தாமிரபரணித் தண்ணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளயே வந்து நின்னுச்சு, குறுக்குத்துறை முருகன் கோயிலு முங்கிப் போச்சு. நான் அன்னைக்குத் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லோடோட பாளையங்கோட்டைய விட்டு வெளிய வந்ததும் ஓரங்கட்டி நின்னுட்டேன். காத்துல பாயி ஒரு மூலையில தூக்கிக்கிட்டே இருந்துச்சு, சிமெண்ட்ல தண்ணி எறங்குச்சுன்னா மூட்டை கல்லாயிரும், அதனால மணிக்கு ஒரு தடவ எறங்கி ஏறி இறுக்கிக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது தடவ சக்கரத்துல கால வச்சு ஏறும்போதே கோட்டு பேண்ட்டு கவட்டையில டர்ருன்னு கிழிஞ்சுட்டு. ரெண்டு நாளு ஈரக் கைலி, ஈரச் செருப்பு. லோடு நனையல, ஆனா எனக்கு விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்து உரிஞ்சு சேத்துப்புண்ணு வந்துட்டு. கிளச்ச மிதிக்கும்போதெல்லாம் உசுரு போயி உசுரு வரும், மூணு வாரம் ஆச்சு ஆற.

அடுத்த சாரலுக்கு முன்னாடி, 2024 மே மாசம், ஒழுங்கா ஒண்ணு வாங்கணும்னு முடிவு பண்ணி ஜங்ஷன் பக்கம் தார்ப்பாய், கயிறு, கொக்கி, பட்டை விக்கிற கடைக்குப் போனேன். துணிக்கடைக்கோ செருப்புக்கடைக்கோ போகாம அங்க போனதுதான் நான் செஞ்ச நல்ல காரியம். கடைக்கார அண்ணாச்சி நாப்பது வருசமா பாயி விக்காரு, தண்ணி எந்தத் துணியில எப்படி எறங்கும்னு அவருக்கு நல்லாத் தெரியும். நான் போயி "ரெயின்கோட்டு வேணும் அண்ணாச்சி"ன்னு சொன்னதுமே அவரு கேட்ட மொதக் கேள்வி:

"பைக்குக்கா, வேலைக்கா?"

"லாரிக்கு அண்ணாச்சி. பாய் கட்டணும், மேல ஏறணும்."

"அப்ப வெல பாக்காதீங்க தம்பி, தையலப் பாருங்க."

அப்புறம் ரெண்டு செட்ட எடுத்து மேசையில போட்டாரு. ரெண்டுமே நைலான் துணி, உள்பக்கம் ரப்பர் மாதிரி வழவழன்னு பூச்சு, கைக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சுச்சு. ஒண்ணு 900, இன்னொண்ணு 1,850. பேண்ட்ட உள்பக்கத்த வெளிய திருப்பிக் காட்டுனாரு. 900 ரூவாதுல தையல் நூலு அப்படியே தெரிஞ்சுச்சு. மத்ததுல தையலு மேல பூரா ஒரு வெரக்கட அகலத்துக்கு மெல்லிசா டேப்பு சூட்டுல அமுக்கி ஒட்டிருந்தான். ஊசி போற ஒவ்வொரு எடத்துலயும் துணியில ஓட்டை விழுதுல்லா, தண்ணி துணியில எறங்குறதில்ல, அந்த ஓட்டையிலதான் எறங்குது, அத அடைக்கத்தான் அந்த டேப்பு. அண்ணாச்சி பையனக் கூப்ட்டு ஒரு செம்புத் தண்ணி கொண்டாரச் சொல்லி, 900 ரூவா பேண்ட்டுல கவட்டைப் பக்கம் நாலு தையலும் வந்து கூடுதுல்லா, அந்த எடத்த கிண்ணம் மாதிரி குழிச்சுப் பிடிச்சு ஊத்துனாரு. நான் கீழ கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு நிமிசம் ஒண்ணுமில்ல, அப்புறம் நூல்ல பொட்டு பொட்டா கோத்துக்கிட்டு, ஒவ்வொரு பொட்டா உருண்டு என் உள்ளங்கையில விழ ஆரம்பிச்சுட்டு. டேப்பு ஒட்டுனதுல அஞ்சு நிமிசம் பிடிச்சும் ஒரு சொட்டு இல்ல. நீங்க எந்தக் கடையில வாங்குனாலும் இந்த ஒரு சோதனைய மட்டும் பண்ணிட்டு வாங்குங்க, பண்ணவிடமாட்டேன்னு சொன்னா அந்தக் கடையில வாங்காதீங்க.

நான் வாங்குனதுல பெரிய கம்பெனி பேரெல்லாம் ஒண்ணும் இல்ல. உள் கழுத்துல ஒரு லேபிள்ல 5000 எம்எம்னு மட்டும் போட்டிருக்கு. அது என்னன்னு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். துணி மேல ஒரு குழாய நிமுத்தி வச்சுத் தண்ணி ஊத்திக்கிட்டே வந்தா 5 மீட்டர் ஒசரம் வரைக்கும் அந்த எடைய துணி தாங்கும், அதுக்கு மேல போனாத்தான் கசியும்னு அர்த்தமாம். மழை விழுற வேகத்துக்கு இது தாராளம். ஆனா நனஞ்ச மூட்டை மேல முட்டி போட்டு உக்காந்து கொக்கி மாட்டும்போது முட்டியில எடை பூரா எறங்குதுல்லா, அங்க மட்டும் ஒரு வருசத்துக்கு அப்புறம் லேசா ஈரம் தட்ட ஆரம்பிச்சிருக்கு, அதையும் சொல்லிருதேன்.

சைஸு விசயத்துல நான் முதல்ல எல் எடுத்தேன், அண்ணாச்சி விடல. கடைக்குள்ளயே ஒரு மூட்டை மேல ஒத்தக் கால வச்சு ஏறச் சொன்னாரு, ஏறுனா பேண்ட்டு தொடையப் பிடிச்சு இழுக்கு. டபுள் எக்ஸ்எல் எடுத்துப் போட்டு ஏறுனேன், கால் தாராளமா போச்சு. லாரிக்காரனுக்கு பேண்ட்டு கிழியிறதே அந்தக் கால அகட்டி ஏறுறதுலதான், அதனால தொளதொளன்னு இருந்தாலும் பரவால்லன்னு ரெண்டு சைஸு கூட எடுங்க, இடுப்புல நாடா இருக்கு, இறுக்கிக்கிடலாம்.

முதல் பரீட்சை அந்த ஜூன்லயே வந்துட்டு. கோட்டைவாசல்ல கருப்பசாமிக்குச் சூடம் ஏத்தாம நான் தாண்டுறதில்ல, அன்னைக்கு அங்க எறங்கும்போதே சாரல் கண்ணத் தொறக்க விடல. சூடம் கொளுத்தவே முடியாம கும்புட்டுட்டு மட்டும் வந்தேன். ஆரியங்காவு தாண்டி எறக்கத்துல கிளீனர் தம்பி பக்கக் கண்ணாடியில பாத்துட்டு "அண்ணாச்சி, பின்னாடி பாயி படபடன்னு அடிக்கு"ன்னான். எறங்கி மேல ஏறி முப்பத்தஞ்சு நிமிசம் வேலை. பழைய கோட்டுல என்ன ஆகும்னா, கைய மேல தூக்கி கயித்த இழுப்போம்லா, கயித்துல ஊறுன தண்ணி பிழிஞ்சு வந்து கைவழியா முழங்கைக்கு எறங்கி, அங்கருந்து கக்கத்துக்கு, அங்கருந்து இடுப்புக்குன்னு ஒரு வாய்க்கா மாதிரி ஓடும், வெளிய எவ்வளவு நல்ல கோட்டா இருந்தாலும் உள்ள குளிச்ச மாதிரி ஆயிரும். இந்தக் கோட்டுல கையில ரெண்டு அடுக்கு வச்சிருக்கான், உள்ள லாஸ்டிக் வச்ச ஒரு கை, அதுக்கு மேல வெளிக்கை, அதுல ஒட்டுப்பட்டை. தண்ணி மணிக்கட்டோட நின்னுட்டு. கேபினுக்குள்ள வந்து கழட்டிப் பாக்கேன், கழுத்துல காலர மட்டும் நனைச்சிருக்கு, சட்டைப் பையில இருந்த பீடிக்கட்டு கூட நமுத்துப் போகல. எனக்கு அப்ப வந்த சந்தோசம் சொல்லி முடியாது, கிளீனர்கிட்ட சட்டையத் தொட்டுப் பாருலன்னு காட்டுனேன்.

கேபின் கண்ணாடியப் பத்தி இங்க சொல்லியாகணும், இது சொகுசுக் கதை மட்டுமில்ல. நனஞ்ச ரெண்டு பேரு கேபினுக்குள்ள ஏறி கதவச் சாத்துனா அஞ்சு நிமிசத்துல உடம்பு சூட்டுக்கு அந்த ஈரம் பூரா ஆவியாகி முன்கண்ணாடியில போயி படிஞ்சிரும். வைப்பரு வெளிய எவ்வளவு அடிச்சாலும் உள்ள படிஞ்சத என்ன பண்ண முடியும், துண்ட வச்சு ஒரு கையால தொடைச்சுக்கிட்டே ஒரு கையால ஓட்டணும், அதுவும் தென்மலை எறக்கத்துல, எதிர்ல கேரளா பஸ்ஸு வளைவுல எந்த வேகத்துல வரும்னு ஓட்டுனவங்களுக்குத் தெரியும். புது வண்டியில ஏசி இருந்தா அது கண்ணாடியக் காய வச்சிரும், 2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாராகுற லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு, ரொம்ப நல்ல விசயம். ஆனா எங்க வண்டி பழசு, எங்கள மாதிரி இன்னும் எத்தனயோ ஆயிரம் வண்டி ரோட்டுல ஓடுது. அந்த வண்டிகளுக்கு டிரைவரு காஞ்ச உடம்போட உள்ள ஏறுறதுதான் கண்ணாடி மறையாம இருக்க வழி. கோட்டு வாங்குன பெறகு மலைப்பாதையில நான் துண்ட எடுத்து கண்ணாடி தொடைக்கிறது பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு.

ஈரக் கோட்ட எங்க போடுறதுங்கிறதும் முக்கியம். சீட்டுக்குப் பின்னாடி படுக்கையில எறிஞ்சா படுக்கை போச்சு, ராத்திரி ஈரத்துலதான் படுக்கணும். நான் கிளீனர் பக்கக் கதவோரமா மேல ஒரு கொக்கி அடிச்சு, அதுக்கு நேரா கீழ 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒண்ணு வச்சிட்டேன், கோட்டுல இருந்து வடியிறது பூரா வாளிக்குள்ள விழும், கம்பூட்சும் அதுலயே நிக்கும்.

பூட்ஸப் பத்தி தனியாச் சொல்லணும், 520 ரூவா, முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வரும். பேண்ட்ட பூட்சுக்குள்ள விடாதீங்க. நெறைய பேரு விடுதாங்க, தொடையில வழியிற தண்ணி பூரா நேரா பூட்சுக்குள்ள போயி ரொம்பும், அப்புறம் அதக் கழட்டிக் கவுத்தித்தான் ஊத்தணும். பேண்ட்டு வெளிய, பூட்ஸு உள்ள. இன்னொண்ணு, பூட்ஸப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்க. அடி அகலம், கனம், கிளச்சும் பிரேக்கும் காலுக்குத் தட்டுப்படாது, சேறு ஒட்டிருந்தா பெடல்ல வழுக்கும், ஒரு தடவ எனக்கு புனலூர் டவுனுக்குள்ள வழுக்கிப் பாத்துட்டேன், அன்னையோட விட்டுட்டேன். எறங்கும்போது பூட்ஸு, ஏறுனதும் கழட்டி வாளியில வச்சிட்டு, காலத் தொடைச்சு, பின்னாடி வார் வச்ச காஞ்ச செருப்பு. இதுக்கு ஒரு நிமிசம் ஆகும், சோம்பப்படாதீங்க. ரெண்டு மழைக்காலமா எனக்குச் சேத்துப்புண்ணு வரல.

கொறைகளுக்கு வாரேன். வேர்வை. காத்துப் போகாத துணி, முதுகுல ஒரு மடிப்பு வச்சு அதுக்குள்ள வலை அடிச்சிருக்கான், அது வழியா கொஞ்சம் போகும், ஆனா அடைமழையில அரைமணி நேரம் பாயி கட்டுனா உள்ள வேக்காடுதான். உள்ள பனியன் மட்டும் போட்டுக்கிட்டு வேலைய முடிச்சிட்டு கேபின்ல வந்து சட்டையப் போடுதேன், அது தேவலை. தொப்பி சரியில்ல, பெருசா இருக்கு, தலையத் திருப்புனா தொப்பி திரும்ப மாட்டேங்கு, பக்கத்துல வர்ற வண்டி தெரியாது. ரோட்டுல நிக்கிற நமக்கு அது ஆபத்து. உள்ள ஒரு கிரிக்கெட் தொப்பி போட்டு அது மேல போட்டா நெத்தியில இருந்து தூக்கிப் பிடிச்சுக்கிடும், பாதி சரியாகும். பேண்ட்டு கணுக்கால் ஜிப்பு பத்து மாசத்துல போயிட்டு, சிமெண்ட் தூசி பல்லுக்குள்ள ஏறி இறுகிரும்லா. பை தைக்கிறவர்கிட்ட குடுத்து 60 ரூவாயில மாத்துனேன், இப்ப மாசத்துக்கு ஒருக்கா மெழுகுதிரி தேய்க்கேன். வெளிப் பைய நம்பவே கூடாது, அதுல தண்ணி எறங்கும், போனும் இன்வாய்ஸும் ஈ-வே பில்லும் தனியா பிளாஸ்டிக் உறையில போட்டுக் கழுத்துல தொங்க விட்டுக்கிடுங்க.

கலரு. நான் வாங்கும்போது ஊதாவும் கறுப்பும்தான் இருந்துச்சு, முதுகுல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஒளிப்பட்டை. ராத்திரி மழையில அது பத்தவே பத்தாது. பின்னாடி வர்றவனுக்கு கண்ணாடியெல்லாம் தண்ணி, எதிர் லைட்டு கூசும், கறுப்புக் கோட்டு போட்ட ஆளு இருட்டோட இருட்டா நிப்பான். நான் மேல ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கிடுதேன். தயவுசெஞ்சு கறுப்பு வாங்காதீங்க, மழையில லாரிப் பக்கத்துல நின்னு அடிபட்ட நம்ம ஆளுக கதைய நெறையக் கேட்டுட்டேன்.

பராமரிக்கிறது ஒண்ணும் பெரிய வேலையில்ல. சிமெண்ட் லோடுன்னா அன்னைக்கே வெறும் தண்ணியில அலசிரணும், விட்டா தூசியும் ஈரமும் சேந்து கோட்டு மேலயே கெட்டியாகி, மடிக்கும்போது உள்பூச்சு வெடிக்கும், கழுத்துல தோலோட உரசுனா வெந்தும் போகும். சோப்புப் பொடி, பிரஷ் வேண்டாம். வெயில்ல போடாம நெழல்ல தொங்க விடுங்க. ஈரத்தோட மடிச்சு வச்சீங்கன்னா நாலு நாள்ல பூசணம் பூத்து நாறும், உள்ள டேப்பும் உரிய ஆரம்பிக்கும். என்னோடதுல இதுவரைக்கும் இடது தோள்பட்டையில மட்டும் ஒரு சாண் அளவுக்கு டேப்பு தூக்கிருக்கு, அது கயித்தத் தோள்ல போட்டு இழுக்கிற எடம்.

1,850 ரூவா அதிகமான்னு கேப்பீங்க. 450 ரூவாக் கோட்டு எனக்கு வருசத்துக்கு மூணு ஆச்சு, போக சேத்துப்புண்ணுக்கு ஆஸ்பத்திரி, அதுல போன ட்ரிப்பு. கணக்குப் பண்ணிப் பாத்துக்கிடுங்க.

ஒரு தப்பு மட்டும் நான் பண்ணிட்டேன். முதல்ல எனக்கு மட்டும் வாங்குனேன். ஆரியங்காவுல நான் காஞ்சு போயி உக்காந்திருக்கேன், கூடவே மேல ஏறி கயிறு பிடிச்ச கிளீனர் தம்பி பிளாஸ்டிக் கோட்டுல நனஞ்சு, பல்லு தந்தியடிக்க, ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உக்காந்து வாரான். இருவது வயசுப் பையன். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. திரும்பி வந்ததும் ஓனர்கிட்ட பேசுனேன், "லோடுக்கு 15,000 ரூவாயில பாயி வாங்குதீங்க, ஆளுக்கும் வாங்குங்க அண்ணாச்சி"ன்னேன். அவரு ஒரு நிமிசம் என்னயவே பாத்தாரு, அப்புறம் "ரெண்டு பேருக்கும் பில்லு கொண்டா"ன்னுட்டாரு. ஐப்பசிக்கு முன்னாடியே தம்பிக்கு வந்துட்டு. இப்ப அவனும் வேற வண்டிக்கு டிரைவரா ஏறிட்டான், கோட்டையும் கையோட கொண்டு போயிட்டான், நல்லா இருக்கட்டும்.

புதுசா வந்திருக்கிற பையன் ஒல்லி, ஆனாலும் எக்ஸ்எல்லுக்குக் கொறைய வாங்க மாட்டேன். கடையில ஆரஞ்சு கலர்ல அடுத்த வாரம் சரக்கு வருதுன்னு அண்ணாச்சி போன் பண்ணிருக்காரு. சாரல் தொடங்குறதுக்குள்ள ஒரு நாளு லோடு இல்லாமப் பாத்து அவனையும் கூட்டிக்கிட்டுப் போயி, ஒரு செம்புத் தண்ணிய ஊத்திப் பாத்துட்டு எடுக்கணும்.